நாற்பது கதிரைகளுக்குள் ஒரு நாடகம்: சிறு அரங்க விழாவுக்குச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் வளர்ந்த பலருக்கும் நாடகம் என்றவுடன் நினைவுக்கு வருவது பாடசாலை மண்டபம்தான். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை எல்லாம் முடிந்து, பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கிய பின்னரே திரை விலகும். தூரத்தில், உயரத்தில், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று யாரோ வசனம் பேசுவார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு ஒரு சிறு அரங்க விழாவுக்குள் நுழைபவர் முதல் ஐந்து நிமிடங்களிலேயே திகைத்துப்போகிறார். அங்கே திரை இல்லை, மேடை இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. நாற்பது கதிரைகளும் சில பாய்களும் போடப்பட்ட ஒரு வகுப்பறையில், கை நீட்டினால் தொட்டுவிடக்கூடிய தூரத்தில், நடிப்பவரின் மூச்சு கேட்கிறது. கண்ணை எங்கே வைப்பது, சிரிக்கலாமா, இருமலாமா என்று தெரியாமல் அவர் கதிரையின் நுனியில் அமர்ந்திருக்கிறார்.

அப்படி ஒருவர் வாசிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். சிறிய அரங்கில் ஆற்றுகையின் பாதி வேலை பார்வையாளருடையது என்பதும், கூத்து ஆடும் வெளியான களரியைச் சுற்றிப் பாய்விரித்துக் கூத்துப் பார்த்த நம் பாட்டன் பாட்டிமார் அந்த வேலையை நன்றாகவே செய்தார்கள் என்பதும் என் உறுதியான எண்ணம். ஆகவே நாம் கற்கவேண்டியதில் பெரும்பகுதி, மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொள்வதுதான்.

விளிம்பு என்ற பெயர்

1947 ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டோடு, ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு சர்வதேசக் கலைவிழா தொடங்கப்பட்டது. அதற்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே அந்நகருக்கு வந்து, கிடைத்த இடங்களில் தங்கள் நாடகங்களை நடத்தின. மறு ஆண்டு றொபேட் கெம்ப் என்பவர் இவற்றை விழாவின் விளிம்பில் நடப்பவை என்று எழுதினார். விளிம்பைக் குறிக்க அவர் எழுதிய ஃபிரிஞ்ச் என்ற ஆங்கிலச் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. 1958 இல் இக்குழுக்களுக்கென ஒரு சங்கம் அமைந்தபோதும், எந்த நாடகம் வரலாம், எது வரக்கூடாது என்று தெரிவுசெய்யும் அதிகாரத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. இன்று ஒவ்வோர் ஓகஸ்ட் மாதத்திலும் மூன்று வாரங்களுக்கு மேல் நடக்கும் அந்த விழாவில், தேவாலய மண்டபங்கள், மதுச்சாலைகளின் மேல்மாடிகள், பல்கலைக்கழக விரிவுரை அறைகள் எனக் கிடைத்த இடத்திலெல்லாம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1960 இலும் கனடாவின் எட்மன்டனில் 1982 இலும் இத்தகைய விழாக்கள் தொடங்கின.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு பார்வையாளர் இரண்டு விடயங்களைக் கையோடு எடுத்துக்கொள்ளலாம். தெரிவுக்குழு இல்லாத இடத்தில் தரம் ஏறியும் இறங்கியும்தான் இருக்கும். நல்லதையும் அல்லாததையும் பிரித்தறியும் பொறுப்பு பார்வையாளரிடம் வந்துசேர்கிறது. அடுத்து, ஓர் அறையை ஒரே நாளில் பல குழுக்கள் பகிர்ந்துகொள்வதால், ஆற்றுகை பெரும்பாலும் ஒரு மணி நேர அளவில் முடிந்துவிடுகிறது. காட்சிப் பொருட்கள் சில நிமிடங்களில் அடுக்கி எடுத்துச்செல்லக்கூடியவையாக இருக்கின்றன. சிறு அரங்கின் எளிமைக்கு வறுமை மட்டும் காரணமில்லை என்பதை இது விளக்கும்.

நம் பக்கத்தில் நடந்ததோ இதற்கு எதிர்த்திசையில். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்துக்களை எடுத்து, விடிய விடிய ஆடப்பட்டவற்றை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து, பார்வையாளரை நோக்கி ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962 இல் மேடையேறிய கர்ணன் போர் அந்த முயற்சியின் தொடக்கங்களில் ஒன்று. கூத்துக்கு அதனால் கிடைத்த மதிப்பும் புதிய பார்வையாளரும் மிகப் பெரிய பேறு. அந்தப் பணி நடந்திராவிட்டால் இன்று கூத்தைப் பற்றிப் பேச நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் மூன்று பக்கமும் நான்கு பக்கமும் சூழ்ந்திருந்த சனம் ஒரு பக்கத்துக்கு வந்து, இருளில் வரிசையாக அமர்ந்தது. கொல்கத்தாவில் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1970களில் அந்தப் படச்சட்ட மேடையை விட்டு வெளியேறி, அறைகளிலும் திறந்த வெளிகளிலும் பார்வையாளருக்கு நடுவே நாடகம் போட்டார். நாம் இங்கே பேசும் சிறு அரங்குக்கு அவரும் ஒரு முன்னோர்; நம் களரியும் ஒரு முன்னோர்.

முதலாவது வேலை: தெரிவு

நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் நாடகத்தின் தலைப்பையும் சுவரொட்டியையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அழகான சுவரொட்டி செய்யத் தெரிந்தவர்கள் அழகாகச் சுவரொட்டி செய்யத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். எத்தனை நிமிடங்கள், எந்த இடம், எத்தனை பேர் நடிக்கிறார்கள், என்ன மொழி ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். 45 நிமிடங்கள், இரண்டு பேர், ஒரு வகுப்பறை என்று இருந்தால், அது நெருக்கத்தை நம்பிச் செய்யப்பட்ட நாடகமாக இருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம், அதே வகுப்பறை என்று இருந்தால், பெரிய மண்டபம் கிடைக்காமல் அங்கே வந்து சேர்ந்த நாடகமாக இருக்கலாம்.

மூன்று நாடகங்கள் பார்ப்பதென்றால் நான் பின்பற்றும் முறை ஒன்று உண்டு. ஒன்று, முன்பு பார்த்து எனக்குப் பிடித்துப்போன குழுவினுடையது. இன்னொன்று, குழுவையோ கதையையோ பற்றி நான் எதுவுமே கேள்விப்படாதது. மூன்றாவது, எனக்குச் சரளமாக வராத மொழியில் நடப்பது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் நகரம் இது. ஆனால் சிங்கள நாடகம் ஒன்றை நேரில் பார்த்த தமிழர் நம்மிடையே மிகச் சிலர். பெரிய மண்டபத்தில் மொழி தெரியாவிட்டால் ஒன்றுமே புரியாது. சிறிய அறையில் தோள் தளர்வதும், கண் தாழ்வதும், ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்குவதும் தெளிவாகத் தெரிகின்றன. சொல்லின் பொருள் பின்னால் மெதுவாக வந்து சேர்கிறது.

முதன்முறை செல்பவருக்கு ஓராள் அரங்கைப் பரிந்துரைப்பேன். ஒருவரே பல பாத்திரங்களாக மாறுவதை அருகில் இருந்து பார்ப்பதைப்போல நடிப்புக் கலையைக் கண்முன் விரித்துக்காட்டும் பாடம் வேறில்லை.

தெரிவுசெய்யும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று இருக்கிறது. நம் ஊரில் இதைக் கட்டாயம் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். நாடகத்தில் வெடிச்சத்தம், துப்பாக்கிச் சத்தம், திடீர் இருள் ஆகியவை வருகின்றனவா என்பதே அது. போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு, மூடிய சிறு அறையில் எதிர்பாராமல் கேட்கும் ஒரு சத்தம் வெறும் அரங்க உத்தியாக இருப்பதில்லை. பொறுப்புள்ள குழு முன்கூட்டியே அறிவித்துவிடும். அறிவிக்காவிட்டால் வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள். உங்களோடு வரும் அம்மாவுக்கோ மாமாவுக்கோ அப்படியான சிரமம் உண்டென்றால், கதவுக்கு அருகே இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் அதைத் தவறாக நினைக்கமாட்டார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் வயதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

எல்லாவற்றையும் முதல் நாளே தீர்மானித்துவிடாமல் ஓரிரு இடைவெளிகளை விட்டுவையுங்கள். எடின்பரோவில் வரிசையில் நிற்கும்போதே, "என்ன பார்த்தீர்கள், எது நன்றாக இருந்தது?" என்று முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம். நம் ஊரில் தேநீர்க்கடையும் வட்ஸ்அப் குழுவும் அந்த வேலையைச் செய்துவிடும். முதல் நாள் இரவு பத்துப் பேர் ஒரே நாடகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், மறுநாள் உங்கள் வெற்று நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

நேரமும் தூரமும்

ஒரு நாளில் மூன்றுக்கு மேல் பார்க்கவேண்டாம். நான்காவதாகப் பார்த்த நாடகம் எனக்கு ஒருபோதும் நினைவில் தங்கியதில்லை. இரண்டு ஆற்றுகைகளுக்கு இடையே முக்கால் மணி நேரமாவது இருக்கட்டும். ஒன்று உப்புவெளியிலும் மற்றது உவர்மலையிலும் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். நிலாவெளி நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், அங்கே ஒரு நிகழ்ச்சி வைக்கப்பட்டால் அந்த மாலையை அதற்கே ஒதுக்கிவிடுவது நல்லது. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கமிருந்து வருபவர்கள் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்த்துவிட்டு நாடகத்தைத் தெரிவுசெய்யவேண்டும். இரவில் தனியே திரும்பும் பெண்கள் ஓட்டோவை முன்கூட்டியே பேசிவைப்பதும், அயலில் இருந்து வரும் இன்னொருவரோடு சேர்ந்துகொள்வதும் மனதை நாடகத்தில் வைத்திருக்க உதவும்.

தொடங்கும் நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வாசலில் நில்லுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், சிறு அரங்குகளில் பெரும்பாலும் ஒரே கதவுதான் இருக்கும். அந்தக் கதவு நடிப்பிடத்துக்குள்ளேயே திறக்கும். பிந்தி வருபவர் நாடகத்தின் நடுவால் நடந்து போகவேண்டியிருப்பதால், தொடங்கிய பின்னர் எவரையும் உள்ளே விடமாட்டார்கள். "விழா என்றால் ஒரு மணி நேரம் பிந்தித்தானே தொடங்குவார்கள்" என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே பொருந்தாது. அடுத்த குழு அறைக்கு வெளியே பொருட்களோடு காத்திருக்கும்.

ஐப்பசி தொடக்கம் தை வரை மாரிமழை; அக்காலத்தில் திறந்தவெளி நிகழ்ச்சி எந்த நேரமும் உள்ளே மாற்றப்படலாம். புறப்படுமுன் இடத்தை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கையில் தண்ணீர்ப் போத்தல், வியர்வை துடைக்க ஒரு துவாய், நுளம்புக்குப் பூசும் களிம்பு ஆகியவை இருந்தால் போதும். சத்தம் நாடகத்துக்கு இடையூறு என்று மின்விசிறியை நிறுத்தும் குழுக்களும் உண்டு. பருத்தி உடை அணியுங்கள்.

எங்கே அமர்வது

பெரிய மண்டபத்தில் நல்ல இடம், கெட்ட இடம் என்று உண்டு. சிறிய அரங்கில் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒவ்வொரு நாடகம் தெரிகிறது. மூன்று பக்கமும் பார்வையாளர் அமரும் அமைப்பில், நேர் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். பக்கவாட்டில் இருப்பவரோ பின்னால் மறைத்துவைத்த கையைப் பார்க்கிறார். முதன்முறை பக்கவாட்டையே நான் தெரிவுசெய்வேன். அங்கிருந்து எதிர்ப்பக்கத்துப் பார்வையாளரின் முகங்களும் தெரியும். அவர்களுடைய கண்கள் எங்கே போகின்றன என்பதும் அந்த நாடகத்தின் ஒரு பகுதிதான். முன்வரிசைப் பாயில் அமர்ந்தால் நடிகர் உங்களிடம் ஏதாவது கொடுக்கவோ, கேட்கவோ கூடும். கூச்சமுள்ளவர்கள் இரண்டாம் வரிசைக்குப் போகலாம். முழங்கால் நோவுள்ளவர்கள் தயங்காமல் கதிரை கேட்கவேண்டும்.

கடற்கரையில் நடக்கும் ஆற்றுகைக்குத் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. டச் பே என்று நாம் அழைக்கும் கடற்கரையில், கடல் கிழக்கே இருப்பதால், குழுக்கள் இயல்பாகவே கடலைப் பின்னணியாக வைத்து, நகரைப் பார்த்து நடிக்க விரும்பும். பார்ப்பதற்கு அது மிக அழகு. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது, நடிகரின் குரலை அது அப்படியே கடலுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். மணலில் உட்காருமுன் ஒரு பிடி மணலை எடுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். மணல் நடிகர் நிற்கும் இடத்திலிருந்து உங்களை நோக்கி வந்தால் பத்து அடி பின்னாலும் அமரலாம். உங்களிடமிருந்து அவரை நோக்கிப் போனால் இயன்றவரை முன்னால் நெருங்கி அமருங்கள். கடற்கரைப் பக்கம் உலாவும் மான்கள் நடுவில் வந்து நிற்பதும் நடக்கக்கூடியதே; அப்போது கைதட்டி விரட்டாமல் விட்டுவிடுங்கள், நல்ல நடிகர் அதற்கும் வழி வைத்திருப்பார்.

நகருக்குள்ளே மாலைப் பூசை மணியும் மஃரிப் வாங்கொலியும் தேவாலய மணியும் அறைக்குள் வந்து சேரும். ஊரை அறிந்த குழு அந்த நேரத்தை அறிந்து, ஒரு மௌனத்தை அங்கே வைத்திருக்கும். அப்படியான மௌனம் ஒன்றைக் கண்டால் அக்குழுவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்த்தல்

முதல் ஐந்து நிமிடங்களில் கதையைத் தேடவேண்டாம். அந்த நாடகம் என்ன ஒழுங்கில் இயங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு தடி துடுப்பாகிறதா, வேலாகிறதா, கிழவியின் ஊன்றுகோலாகிறதா? ஒருவர் தோளில் போட்ட சால்வையைத் தலைக்கு மாற்றினால் அவர் வேறொருவர் ஆகிவிடுகிறாரா? கூத்தில் இரண்டு சுற்று ஆடிவந்தால் அரசன் காட்டைக் கடந்துவிட்டான் என்று ஏற்றுக்கொண்ட சனம் நாம். அந்த ஏற்பு நமக்குள் இன்னும் இருக்கிறது. தொலைக்காட்சி நாடகங்கள் அதன்மேல் தூசி படியவைத்திருக்கின்றன, அவ்வளவே. ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் கதை தானாக வந்து சேரும்.

அடுத்து, எதைப் பார்ப்பது? ஒருமுறை என் அருகே தம்பலகாமத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார், இளமையில் கூத்தாடியவர். நாடகம் தொடங்கிச் சற்று நேரத்தில், நான் நடிகரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, காதருகே குனிந்து, "முகத்தப் பிறகு பாருங்கோ தம்பி, முதல்ல காலப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்த மகன், தான் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான், முகமும் சிரித்தது. இடது காலின் பெருவிரல் மட்டும் வாசலைப் பார்த்தபடி தரையைக் கீறிக்கொண்டிருந்தது. அவன் மறுபடியும் போய்விடுவான் என்பதை அந்த விரல் எங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டது. நூறு அடி தூரத்தில் அதைக் கண்டிருக்க முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாடகத்திலும் முதலில் பாதங்களையும், பிறகு கைகளையும், கடைசியாக முகத்தையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

காதுக்கும் இதேபோல வேலை உண்டு. ஒரு வார இறுதியில் நண்பர்கள் சிலர் நடத்திய சிறு விழாவில், மகனைத் தேடும் தாயொருத்தியைப் பற்றிய ஓராள் ஆற்றுகை ஒரு வகுப்பறையில் நடந்தது. வெறுந்தரையில் அமர்ந்து, ஒரு சுளகில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கியபடியே அந்தப் பெண் முழு நாடகத்தையும் நடித்தார். பொறுக்கிய ஒவ்வொரு கல்லையும் பக்கத்தில் இருந்த வெற்றுப் பால்மாப் பேணிக்குள் போட்டார். ஒவ்வொரு கல்லும் விழும்போது சிறிய சத்தமொன்று எழும். முதலில் அது ஒரு வீட்டுச் சத்தமாக இருந்தது. பிறகு, அவர் ஏறி இறங்கிய ஒவ்வோர் அலுவலகத்தின் பெயருக்கும் ஒரு கல் என்று விழத் தொடங்கியபோது, அறையில் இருந்த நாற்பது பேரும் அடுத்த கல்லுக்காகக் காத்திருந்தோம். வசனத்தைவிட அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நாடகத்தின் இறுதியில் அரிசியில் கல் இல்லை. அவருடைய விரல்கள் இல்லாத கல்லைத் தேடிக்கொண்டே இருந்தன, பேணிக்கு மேலே கை வந்து வெறுமையாகத் திறந்தது, சத்தம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் மூன்றாம் வரிசையில் ஒருவர் கச்சான் சரையைப் பிரித்தார். காகிதம் நொறுங்கும் அந்த ஒலி அறை முழுதும் பரவியது. அவர் தீய நோக்கத்தோடு செய்யவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து வாங்கி வந்ததை, நாடகம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பிரித்திருக்கிறார். ஆனால் நாற்பது பேரும் சேர்ந்து கட்டியெழுப்பிய ஒரு மௌனம் அத்தோடு கலைந்துபோயிற்று. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை. ஆகவே உணவுப்பொருட்களை வெளியிலேயே முடித்துவிட்டு வாருங்கள். நெகிழிப் பையை மடியில் வைத்திருக்காதீர்கள். ஒலிக்கும் வளையல்களைக்கூடக் கழற்றி வைக்கலாம்.

கைத்தொலைபேசியை அதிர்வு நிலையில் வைப்பது போதாது, அணைத்துவிடவேண்டும். ஒரேயொரு மின்குமிழில் நடக்கும் நாடகத்தில் தொலைபேசித் திரையின் வெளிச்சம் நடிகரின் கண்ணில் நேராக அடிக்கும். படம் எடுப்பதும் முகநூலில் நேரலை போடுவதும் குழுவுக்குச் செய்யும் உதவி என்று பலர் நம்புகிறார்கள். உதவி செய்யவேண்டுமென்றால் முடிந்த பின்னர் கேட்டுப் படமெடுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், கண்ணீர் வந்தால் மறைக்கவேண்டாம். இருமல் வந்தால் இருமுங்கள், அதை எல்லோரும் பொறுப்பார்கள். நடிகர் உங்களிடம் ஒரு பொருளை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். விருப்பமில்லையென்றால் தலையை மெதுவாக அசைத்தால் போதும். தேர்ந்தவர் அதைப் புரிந்துகொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.

மின்வெட்டு வந்தால் எழுந்து ஓடவேண்டாம். ஒலிவாங்கியை நம்பாத நாடகம் இருளிலும் தொடரும். அப்படித் தொடர்ந்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மிச்சக் கதையை யாரோ பிடித்த சிறு கைவிளக்கின் வெளிச்சத்தில் முடித்தார்கள்.

பிடிக்காவிட்டால்

பிடிக்காத நாடகங்கள் கட்டாயம் வரும். தெரிவுக்குழு இல்லாத விழாவில் அதை எதிர்பார்த்தே போகவேண்டும். நடுவில் எழுந்து செல்வது, கதவு நடிப்பிடத்தில் இருக்கும்போது, நாடகத்தைக் கலைப்பதாகவே முடியும். உடல்நலமோ மனநலமோ கெட்டால் தவிர, அந்த ஒரு மணி நேரத்தை இருந்துவிடுங்கள். இருக்கும் நேரத்தில் ஒரேயொரு நல்ல விடயத்தைத் தேடிப் பிடியுங்கள்: ஒரு குரல், ஓர் அசைவு, பொருத்தமாக வந்த ஒரு சொல். நன்றாக இல்லாத நாடகத்தில் எது ஏன் பிழைத்தது என்று யோசிக்கும் பார்வையாளர், அடுத்த நல்ல நாடகத்தை இருமடங்கு கூர்மையோடு பார்க்கிறார்.

முடிந்த பிறகு

பல குழுக்கள் ஆற்றுகைக்குப் பின் கலந்துரையாடல் வைக்கின்றன. அங்கே நம்மவர் எழுந்ததும் கேட்கும் முதற்கேள்வி, "இதன் மூலம் சமூகத்துக்கு என்ன கருத்தைச் சொல்ல வருகிறீர்கள்?" என்பதாகவே இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் பாடத்தில் கேட்கப்படும் வினாக்களும், நுளம்பு ஒழிப்பு முதல் சீட்டுப் பணம் கட்டும் பிரச்சினை வரை ஏதாவது ஒன்றைச் சொல்லித்தரவே நிறுவனங்கள் போடவைத்த விழிப்புணர்வு நாடகங்களும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. அந்த நாடகங்களில் சில நன்மை செய்திருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல் விழும் சத்தத்துக்குக் கருத்து கேட்டால் அந்த நடிகை என்ன சொல்லமுடியும்? நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். "கடைசியில் கை திறந்தபோது எனக்கு இப்படித் தோன்றியது, அப்படித்தான் எண்ணிச் செய்தீர்களா?" என்று கேட்டால், குழுவுக்குப் பயன்படும் பேச்சு அங்கிருந்து தொடங்கும். நெறியாளரை மட்டும் பாராட்டிவிட்டு வராமல், விளக்கைப் பிடித்த பிள்ளையிடமும் ஒரு சொல் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். எடின்பரோவில் நுழைவுச்சீட்டு இல்லாத நிகழ்ச்சிகளின் முடிவில், நடிகர்களே வாசலில் ஒரு வாளியோடு நிற்பார்கள். பார்த்தவர்கள் தம்மால் இயன்றதைப் போட்டுவிட்டுப் போவார்கள். நம் ஊரில் பாடசாலை விழாவும் நிறுவன நாடகமும் இலவசமாகவே நடந்ததால், நாடகத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கம் வளரவில்லை. கூத்துக் காலத்திலோ கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரை வேட்டி சால்வையும் சன்மானமும் கொடுத்துக் கௌரவித்தே அனுப்பினார்கள். அரிசி, பேணி, சுளகு மூன்றோடு நடந்த நாடகத்துக்கும் மாதக்கணக்கான ஒத்திகையும், ஒத்திகைக்கு வந்துபோன பேருந்துச் செலவும், வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கூலியும் உண்டு. அளவு என்னவென்று கேட்பவர்களுக்கு, வீடு திரும்பும் வழியில் ஒரு கொத்துரொட்டிக்குக் கொடுக்கும் பணத்தை இங்கும் கொடுங்கள் என்று சொல்வேன். மாணவர்கள் இயன்றதைப் போட்டால் போதும். உண்டியலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் கேளுங்கள். கூச்சத்தில் மூலையில் வைத்திருப்பார்கள்.

அன்றிரவே, தூங்குமுன், மூன்று வரி எழுதிவையுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், கண்ணில் நிற்பது எது, காதில் நிற்பது எது, விளங்காமல் நிற்பது எது என்று மட்டும் எழுதினால் போதும். மறுநாள் காலை குறைந்தது இருவருக்கு அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அடுத்த ஆற்றுகையின் நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். நாற்பது இருக்கைகள் நிரம்ப விளம்பரப் பலகை தேவையில்லை. இருபது பேர் ஆளுக்கு இருவரை அனுப்பிவைத்தால் அறை நிரம்பிவிடும்.

இயலுமென்றால் ஆற்றுகை முடிந்ததும் பத்து நிமிடங்கள் நின்று கதிரைகளை அடுக்க உதவுங்கள். வேட உடையைக் கழற்றிவிட்டு வந்த நடிகரோடு பேச அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அந்த வகுப்பறையில் நான் அப்படி நின்றபோது, சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்த நடிகை நிமிர்ந்து என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "கல்லு விழுந்த சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டதா அண்ணா?"